கன்னத்தில் எட்டு நூல்

ஐம்பது வயதைத் தாண்டியதும் என் முகம் தானாகவே ஒரு துக்க முகமாக மாறிவிட்டது. இதில் என் மனநிலைக்குப் பங்கு எதுவும் இல்லை. பல நாட்களில் நான் சந்தோஷமாகவே இருந்தேன். கன்னத்துச் சதை இறங்கியபோது உதட்டின் இரண்டு ஓரங்களையும் கூடவே இழுத்துக்கொண்டு போய்விட்டது. தாடையில் பக்கத்துக்கு ஒரு சின்ன மூட்டை. பஸ்ஸில் ஏறினால் முன்பின் தெரியாதவர்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். ஒரு கல்யாணப் பந்தியில் மணப்பெண்ணின் தாயார் என் தோளைத் தொட்டு, “எல்லாம் சரியாப் போயிடும்மா” என்றார். நான் பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

இந்த முகத்தை வைத்துக்கொண்டு வேறு எங்காவது வேலை பார்த்திருந்தால் பரவாயில்லை. நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்புக் கம்பி உருட்டும் ஓர் ஆலையில் வெல்ஃபேர் ஆபீசர். கேன்டீன் சாம்பாரில் பருப்பு இருக்கிறதா என்று பார்ப்பது, சீருடை அளவு எடுக்க ஆள் வரவழைப்பது, கழிப்பறைக் குழாயைப் பற்றிக் கடிதம் எழுதுவது, இவைதான் என் அன்றாடம். இவற்றோடு இன்னொரு வேலையும் உண்டு. எங்கள் ஆலையில் ஒரு வழக்கம் இருந்தது. தொழிலாளிக்குச் சின்னக் காயம் என்றால் வீட்டுக்குப் போன் போகும். பெரிய காயம் என்றால் கம்பெனியின் வெள்ளை ஜீப் போகும். அதில் நான் போவேன்.

இருபது வருடங்களில் அப்படி ஒன்பது வீடுகளுக்குப் போயிருக்கிறேன். அந்த ஒன்பது வீட்டிலும் நான் எதையும் சொல்லி முடித்ததில்லை. வாசலில் நின்று, “உங்க வீட்டுக்காரர்...” என்று ஆரம்பிப்பேன். அவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். மீதியை அவர்களே தெரிந்துகொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். நான் தண்ணீர் கொண்டுவரச் சொல்வேன். எனக்கு இந்த வேலை நன்றாக வருகிறது என்று மேலிடத்தில் ஓர் எண்ணம் இருந்தது. எனக்கும் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டும்.

பிறகு புது மேனேஜர் வந்தார். விபத்தே இல்லாமல் வேலை பார்த்தவருக்கு வருடா வருடம் ஒரு பரிசு கொடுப்போம். அதை இனிமேல் வீட்டுக்கே போய் மனைவியின் கையில் கொடுக்க வேண்டும் என்றார் அவர். அப்போதுதான் குடும்பத்துக்கும் பாதுகாப்பில் அக்கறை வருமாம். ஏதோ பயிற்சி வகுப்பில் கேட்டுவிட்டு வந்திருந்தார். அந்த வருடப் பரிசு ஐந்து லிட்டர் பிரஷர் குக்கர். வாங்கியவர் ஆரம்பாக்கத்துக்காரர். அவர் காலை ஷிப்டில் இருந்தார். நான் ஜீப்பில் ஏறினேன்.

அவர் மனைவி வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். ஜீப் நின்றதும் எழுந்து நின்றாள். நான் இறங்கி, அன்போடு சிரித்தேன். குறைந்தபட்சம் நான் அப்படித்தான் நினைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். “ஐயோ, என்ன உட்டுட்டுப் பூட்டியே” என்று ஒரே சத்தம். ஈரத் துணியின் மேலேயே விழுந்தாள். நான், “இல்லம்மா, குக்கர், குக்கர்” என்றேன். அந்தக் கூச்சலில் யார் காதிலும் அது விழவில்லை. தெருவே ஓடிவந்தது. பக்கத்து வீட்டுப் பெண், என்னைவிடக் கொஞ்சம் சின்னவள், இவள் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, “எப்போ மேடம் ஆச்சு?” என்று கேட்டாள். நான் பெட்டியைக் காட்டினேன். அவருடைய உடைமைகளைக் கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்து அவளும் அழ ஆரம்பித்தாள்.

எங்கள் ஆலைக்குள் தொழிலாளிகள் போன் வைத்துக்கொள்ளக் கூடாது. பூட்டிய பெட்டியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதுவும் நான் போட்ட விதிதான். ஆகவே சூப்பர்வைசரைப் பிடித்து, அவர் ஆளைத் தேடி, போன் பக்கம் கூட்டிவர இருபது நிமிடம் ஆயிற்று. அந்த இருபது நிமிடமும் அழுகை குறையாமல் நடந்தது. கடைசியில் ஸ்பீக்கரில் அந்த மனிதரின் குரல் வந்தது. “இன்னாடி ஆச்சு உனுக்கு? நான் டீ குட்ச்சுக்கினு இருக்கேன்.”

 திரும்பி வரும்போது, ஆரம்பாக்கம் கடந்ததும் டிரைவர் சொன்னார். “தப்பா நென்ச்சுக்காதீங்க மேடம். வண்டியப் பாத்து அந்தம்மா எய்ந்துதான் நின்னுச்சு. உங்களப் பாத்துதான் உய்ந்துச்சு.”

அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட அவமானத்தை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஒரு பெண்ணை இருபது நிமிடம் விதவையாக்கி வைத்திருந்தேன், அதுவும் குக்கரைக் கையில் பிடித்துக்கொண்டு. ஒரு நல்ல செய்தியோடு ஒரு வீட்டுக்குப் போக முடியாத முகம் எனக்கு எதற்கு என்று தோன்றியது. கண்ணாடி முன் நின்று இரண்டு விரலால் கன்னத்தை மேலே தள்ளிப் பார்த்தேன். ஒரு காலத்தில் எனக்குத் தெரிந்த ஒருத்தி அதில் தெரிந்தாள்.

நூல் போட்டுக் கன்னத்தைத் தூக்கும் சிகிச்சை ஒன்று இருக்கிறது என்பதை போனில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கத்தி இல்லை, தையல் இல்லை, அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். என் கணவரிடம் சொன்னேன். அவர் கரண்டு கம்பத்தில் ஏறும் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர்.

“இருபத்தஞ்சு வருசமா மூஞ்சத் தூக்கி வெச்சுக்கினுதானே கீற. இன்னும் எங்க தூக்கப் போற?” என்றார்.

நான் விளக்கினேன். அவர் தொழில்முறையில் கொஞ்சம் யோசித்தார். “தொய்ஞ்ச லைன இய்த்துக் கட்டுனா ரெண்டு வெயில் தாங்கும். அப்பால மறுபடி தொய்யும். போய்ட்டு வா.”

கும்மிடிப்பூண்டியில் எனக்குத் தெரியாதவர்கள் யாரும் இல்லை. அதனால் இரண்டு பஸ் மாறி, திருவள்ளூரில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் இருந்த தோல் மருத்துவரிடம் போனேன். இளம்பெண். என்னை உட்கார வைத்து, வெளிச்சத்தைத் திருப்பி, “முகத்த இறுக்கமா வெச்சுக்காதீங்க, சாதாரணமா வெச்சுக்குங்க” என்றாள்.

“இதுதான் சாதாரணம்” என்றேன். ஏதோ எழுதிக்கொண்டாள்.

அவள் சொன்னது இதுதான். அந்த நூல் உடம்புக்குள்ளேயே கரைந்துவிடும் வகை. ஆபரேஷனில் உள்தையலுக்குப் போடுகிற அதே பொருள். நூல் முழுக்கப் பொடிப்பொடி முட்கள் இருக்கும். நெற்றிப்பொட்டுக்குப் பக்கத்தில் ஊசியால் துளை போட்டு, தோலுக்கு அடியில் கன்னம் வரை நூலைக் கொண்டுபோய், மேலே இழுத்தால் முட்கள் சதையைப் பிடித்துக்கொள்ளும். மிஞ்சிய நூலை வெட்டிவிடுவார்கள். பக்கத்துக்கு நான்கு, ஆக எட்டு. இரும்பு ஆலையில் இருப்பவள் என்பதால் ஒரு நூல் எவ்வளவு எடை தாங்கும் என்று கேட்டேன். இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை என்றாள். ஒரு வருடம் நிற்கும், ஆளைப் பொறுத்துக் கொஞ்சம் கூடலாம், குறையலாம் என்றாள். வீக்கம் வரும், கன்றிப்போகும், சிலருக்குக் குழி விழும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அமையாமலும் போகலாம். எதையும் அவள் மறைக்கவில்லை. அது எனக்குப் பிடித்தது.

“எத்தன வயசு கொறஞ்ச மாதிரி தெரியணும்னு எதிர்பாக்கறீங்க?”

“வயசு அப்படியே இருக்கட்டும். நான் வாசல்ல நின்னா ஜனங்க அழக் கூடாது.”

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். பிறகு நான் எந்தக் கோணத்தில் வாசலில் நிற்பேன் என்பதையெல்லாம் கேட்காமல் கன்னத்தில் கோடு போட ஆரம்பித்தாள்.

மரத்துப்போகும் ஊசி எறும்பு கடித்தது போல இருந்தது. அதன்பின் வலி இல்லை, சத்தம் மட்டும்தான். வாழைத்தண்டை நாரோடு ஒடிக்கிற சத்தம், அதுவும் காதுக்கு உட்புறத்திலிருந்து. அந்தச் சத்தம் என் முகத்திலிருந்துதான் வருகிறது என்று ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. சீலிங்கில் இருந்த ஃபேனின் திருகாணிகளை எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன். ஒரு மணி நேரத்தில் கண்ணாடியைக் கொடுத்தாள். நெற்றிப்பொட்டில் பஞ்சு ஒட்டியிருந்தது. உதட்டின் ஓரம் இரண்டும் மேலே ஏறியிருந்தன. யாரோ எனக்குப் பிடித்த விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருப்பது போலவும், நான் அதைக் காட்டிக்கொள்ளாமல் கேட்டுக்கொண்டிருப்பது போலவும் இருந்தது.

மூன்று வாரத்துக்கு வாயை அகலமாகத் திறக்கக் கூடாது. முறுக்கு, கரும்பு கூடாது. மல்லாந்துதான் படுக்க வேண்டும். கன்னத்தைத் தேய்க்கக் கூடாது. வாய்விட்டுச் சிரிக்கக் கூடாது.

“அழலாமா?”

“கூடாதுன்னு இல்ல. முகத்தக் கோணாம அழுங்க” என்றாள்.

ஐந்து நாள் லீவு போட்டேன். கடைவாய்ப்பல் பிடுங்கியதாக ஆபீசில் சொல்லியிருந்தேன். நான் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த ஐந்து நாளும் கணவர் எனக்கு எதிரே உட்கார்ந்து முறுக்கு தின்றார். வீக்கம் வடிந்தது. வலப்பக்கம் இடப்பக்கத்தைவிட ஒரு நூலிழை மேலே நின்றது. ஆறாம் நாள் வேலைக்குப் போனேன்.

கேட்டில் நின்ற செக்யூரிட்டி என்னைப் பார்த்துச் சிரித்தார். நேரப்பதிவு அறையில் இருந்தவர் சிரித்தார். கேன்டீனில் சாதம் போடுகிறவள், “இன்னா மேடம், ஊட்ல விசேசமா?” என்று கேட்டாள். பல் பிடுங்கினேன் என்றேன். பல் போனதற்கு இவ்வளவு சந்தோஷப்படும் ஆளை அவள் பார்த்ததில்லை போலும், இன்னொரு கரண்டி கூட்டு வைத்தாள். இரண்டாவது ஷிப்ட் வருவதற்குள், கான்ட்ராக்ட் ஆட்களை நிரந்தரமாக்கும் லிஸ்ட் வந்துவிட்டது என்று பேச்சு கிளம்பிவிட்டது. “மேடம் மூஞ்சியே சொல்லுதே” என்பதுதான் ஆதாரம். லிஸ்ட் எதுவும் வரவில்லை என்று நோட்டீஸ் போர்டில் நானே எழுதி ஒட்டினேன். ஒட்டும்போது என் முகத்தைப் பார்த்தவர்கள் அதை நம்பவில்லை. இந்தக் குழப்பம் தவிர, எனக்கு அந்த நாட்கள் பிடித்தே இருந்தன. மனிதர்கள் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்கள். இதெல்லாம் இவ்வளவு நாள் எங்கே இருந்தது என்று நினைத்தேன்.

இரண்டாவது வாரத்தில் ஒரு நாள், காலை பத்து மணி இருக்கும், உருட்டும் பகுதியில் சைரன் அடித்தது. சூடான கம்பியை நகர்த்தும் உருளைகளுக்கு இடையே ஒருவருடைய இடது கை சிக்கிவிட்டது. கட்டுப்போட்டு உடனே சென்னைக்கு ஆம்புலன்ஸில் அனுப்பினார்கள். ஆபரேஷனுக்கு வீட்டு ஆள் கையெழுத்து வேண்டும். யார் என்று பார்த்தேன். ஆரம்பாக்கம். அன்றைக்கு குக்கர்காரியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, எப்போ ஆச்சு என்று என்னைக் கேட்டாளே, அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்ணின் கணவர்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். “மேடம், கொஞ்சம் சீரியஸா...”

“சீரியஸாத்தான் சார் இருக்கேன்.”

அனுப்ப வேறு ஆளும் இல்லை. ஜீப்பில் போகும்போது பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்த்து உதட்டு ஓரங்களைக் கீழே இழுத்துப் பழகினேன். எட்டு நூலும் சேர்ந்து மேலே இழுத்தன. வலித்தது. டிரைவர் பார்க்காதது போல ஓட்டினார்.

தெருவில் பாதி அகலத்துக்கு நெல் காயப்போட்டிருந்தார்கள். அவள் நெல்லுக்கு நடுவில் நடந்து காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள். ஜீப்பைப் பார்த்ததும் நின்றாள். இறங்கிய என்னைப் பார்த்ததும் அவள் முகம் முழுக்கச் சிரிப்பு.

“வாங்க மேடம்! இந்த தபா இன்னாத்த எட்தாந்தீங்க? எங்க ஊட்டுக்கா?” என்றாள். பக்கத்து வீட்டுப் பக்கம் திரும்பி, “ஏய், மேடம் வந்துகீறாங்க பாருடி. நான் உன்ன மாரி அய்வ மாட்டேன், இன்னா!” என்று சத்தம் போட்டாள். குக்கர்காரி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“உங்க வீட்டுக்காரர்...” என்று ஆரம்பித்தேன். வழக்கமாக அத்தோடு என் வேலை முடிந்துவிடும். அவள் சிரித்துக்கொண்டே மீதிக்காகக் காத்திருந்தாள். எனக்கு மீதி தெரியவில்லை. இருபது வருடத்தில் ஒருமுறைகூட அதை நான் சொன்னதில்லை என்பது அந்த நிமிடத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

“ஆலையில ஒரு சம்பவம்” என்றேன்.

“பிரைஸ் உய்ந்துச்சா?”

“இல்லம்மா. கை மெஷின்ல மாட்டிக்கிச்சு. பெரிய அடி. சென்னை ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போயிருக்காங்க. நீங்க வந்து கையெழுத்துப் போடணும்.”

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. கோபம் வந்தது. “இன்னா மேடம் வெள்ளாட்டு இது? சிரிச்சுக்கினே சொல்றீங்க?”

நான் சிரிக்கவில்லை என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். அதில் அவளுக்கு எந்த உதவியும் இல்லை. குக்கர்காரிதான் என் கைகளைப் பார்த்தாள், ஜீப்பின் பின்சீட்டை எட்டிப் பார்த்தாள். “அக்கா, மேடம் எதுவும் எட்தாரல. வண்டில ஏறுக்கா” என்றாள். அவளே செருப்பைக் கொண்டுவந்து போட்டாள்.

 வண்டியில் ஏறியவளின் கால் விரல்களுக்கு நடுவில் நெல் ஒட்டியிருந்தது. செங்குன்றம் வந்ததும், “உசுரு கீதா?” என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். “சத்தியமா?” சத்தியமாக என்றேன். ஒவ்வொரு தடவையும் என் முகத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, பிறகு வேண்டாம் என்று ஜன்னலைப் பார்த்தாள். அழுதால் தேவலை என்று இருந்தது எனக்கு. ஒன்பது வீட்டிலும் என்னைப் பார்த்து அழுதவர்கள்மேல் அன்றைக்குப் பெரிய மரியாதை வந்தது.

கையெழுத்துப் போட்டாள். மூன்று மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். உயிருக்குப் பயமில்லை. இடது கையை மணிக்கட்டுக்கு மேலே எடுக்க வேண்டியதாகிவிட்டது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அழவில்லை. சாயந்திரம் அவருக்கு நினைவு வந்துவிட்டது, ஒருவர் உள்ளே போகலாம் என்று நர்ஸ் சொன்னபோதுதான் என் கையைப் பிடித்தாள்.

“நான் போனா அய்துருவேன் மேடம். அவரு பயந்துருவாரு. நீங்க போய் சொல்லுங்க. உங்க மூஞ்சியப் பாத்தா பயம் வராது.”

இதைக் கேட்கத்தான் நான் திருவள்ளூருக்கு இரண்டு பஸ் மாறிப் போயிருந்தேன். அவள் அதைச் சொன்னபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

உள்ளே போனேன். அவர் தோள் வரை போர்த்திப் படுத்திருந்தார். இருபது வருடமாகத் தெரிந்த ஆள். வேலைக்குச் சேர்ந்தபோது சட்டை அளவு எடுக்க என்னிடம்தான் வந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். “வாங்க மேடம். ஒக்காருங்க. நாஷ்டா துன்னீங்களா?” என்றார். குரலே எழவில்லை.

நான் நின்றுகொண்டே சொன்னேன். இந்தத் தடவை முழுதாகச் சொன்னேன். “உங்க இடது கைய எடுத்துட்டாங்க. மணிக்கட்டுக்கு மேல. காப்பாத்த முடியல. உயிருக்கு ஒண்ணுமில்ல. உங்க வீட்டம்மா வெளியில இருக்காங்க.”

அவர் போர்வையின் இடப்பக்கத்தைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். ஆபீசர்கள் சிரித்தால் பதிலுக்குச் சிரிக்க வேண்டும் என்று பழகிய மனிதர். சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது.  ஆனால் சிரிப்பை விடவில்லை. என் சிரிப்பு நிற்காமல் அவர் சிரிப்பை நிறுத்துவது மரியாதை இல்லை என்று காத்திருக்கிறார் என்பது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. என்னால் நிறுத்த முடியவில்லை. அவர் அழட்டும் என்று, இரண்டு கைகளாலும் என் முகத்தை மூடிக்கொண்டேன்.